கோதுமை உண்ணலாகாதவர்க்குச் சிற்றுண்டிச்சாலையில் உணவு

சிற்றுண்டிச்சாலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் விலையையும் ருசியையும் விசாரிப்பது வழக்கம். இவ்விரண்டையும் விட்டு, "இதில் கோதுமை சேர்ந்திருக்கிறதா?" என்று மட்டும் விசாரிப்பவர் சிலர் உண்டு. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் இவ்வாறு கேட்பதாக வைத்துக்கொள்வோம். பரிமாறுபவர், "இட்லிதானே அம்மா, அரிசியும் உளுந்துமே ஒழிய வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் இட்லியோடு வந்த சாம்பாரில் போட்ட பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். கூடவே வைத்த வடை, சற்று முன் பூரி பொரித்த எண்ணெயிலேயே வெந்திருக்கலாம். கேட்டவர்க்கு இவை தெரியா. சொன்னவரும் இவற்றை நினைத்துப் பார்த்ததில்லை. விளைவை அனுபவிப்பது குழந்தை.

இது பட்டணத்து ஹோட்டல்காரரைச் சேர்ந்த விஷயம், நிலமுடையோருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கோதுமையை விலக்க வேண்டியவர்கள் உண்பவை அரிசியும், கேழ்வரகும், கம்பும், சாமையும், வரகும், தினையுமே. அவை களத்திலிருந்து இலைக்கு வந்து சேரும் வரையில் எத்தனை கைகள் மாறுகின்றனவோ, அத்தனை இடத்திலும் அவற்றின் தூய்மை கெடுவதற்கு இடமுண்டு. ஆகையால் மேற்கண்ட கேள்விக்கு உண்மையான விடை சொல்லும் பொறுப்பு, விளைவித்தவர் முதல் பரிமாறுபவர் வரை எல்லோரையும் சார்ந்ததாகும்.

குளூட்டன் என்பது யாது?

மைதா மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கி, அவ்வுருண்டையைத் தண்ணீரில் வைத்துக் கசக்கிக் கழுவினால், வெண்மையான மாவுச்சத்து கரைந்துபோகும். முடிவில் கையில் மிஞ்சுவது ரப்பரைப்போல் இழுபடும் ஒரு பொருள். இதுவே குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாவு கிழியாமல் வீசி விரிக்க வருவதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனாலேயே. கோதுமையிலும், அதன் இனத்தைச் சேர்ந்த பார்லி, ரை என்னும் தானியங்களிலும் இவ்வகைப் புரதம் இருக்கிறது. ரவை, மைதா, சேமியா, சம்பா கோதுமை யாவும் கோதுமையே. நெல், சோளம், மக்காச்சோளம், சிறுதானியங்கள், பயறுவகைகள் ஆகியவற்றில் இது இல்லை.

பெரும்பாலோருக்குக் குளூட்டன் ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் சீலியாக் என்னும் வியாதியுடையோர் அதை உண்டால், அவர்களுடைய உடலின் காப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கிவிடுகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் பொருட்டுக் குடலின் உட்புறத்தில் அமைந்துள்ள நுண்ணிய விரல் போன்ற உறுப்புகள் தேய்ந்து தட்டையாகின்றன. அதன்பின் எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேராது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், சோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு, பெரியவர்களுக்கு எலும்பு பலவீனம் முதலியவை தோன்றும். சிலருக்கு வெளிக்குறி ஒன்றும் தோன்றாமலே உள்ளே சேதம் நடைபெறுவதும் உண்டு. இவ்வியாதிக்கு ஆயுள் முழுவதும் குளூட்டனை அறவே நீக்குவதே சிகிச்சை.

இந்தியாவில் ஏறக்குறைய 23,000 பேரைப் பரிசோதித்து 2016-ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், வடபகுதியில் ஆயிரம் பேருக்கு 8 அல்லது 9 பேரிடமும், தென்பகுதியில் பதினாயிரம் பேருக்கு ஒருவரிடமும் இவ்வியாதி காணப்பட்டது. தென்னாட்டார் கோதுமையை மிகக் குறைவாக உண்பது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். ஆயினும் தென்னாட்டில் இதைப்பற்றிக் கவலை வேண்டாமென்று இருந்துவிடலாகாது. யாத்திரைக்கும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் வடக்கிலிருந்து வருவோர் பலர். மேலும் இரவுதோறும் சப்பாத்தியும் பரோட்டாவும் உண்ணும் வழக்கம் தென்னாட்டிலும் பரவி வருவதை யாவரும் அறிவர்.

காரணம் தெரிந்த வரலாறு

இவ்வியாதியை 1888-ஆம் வருஷத்தில் ஸாமுவேல் கீ என்னும் ஆங்கில வைத்தியர் தெளிவாக விவரித்தார். இது தீருமானால் ஆகார நியமத்தினாலேயே தீரவேண்டும் என்று அவர் அப்பொழுதே கண்டுகொண்டார். ஆனால் எந்த ஆகாரம் குற்றவாளி என்பது அவருக்குப் புலப்படவில்லை. மெல்லியதாக அரிந்து இருபுறமும் வாட்டிய ரொட்டியையே அவர் நோயாளிகளுக்குச் சிபாரிசு செய்தார்.

ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்திலிருந்த குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, இரண்டாவது மகாயுத்தத்திற்கு முன்பே கோதுமையின்மீது ஐயங்கொண்டு, அதை நீக்கிய ஆகாரத்தைச் சோதித்து வந்தார். 1944-45-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடிய பஞ்சம் நேர்ந்தது; ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஊரெங்கும் பசியால் வாடிய அக்காலத்தில் சீலியாக் வியாதியுடைய குழந்தைகள் மட்டும் தேறி வந்தனர். யுத்தம் முடிந்து ரொட்டி மீண்டும் வந்தபோது அவர்களுடைய வியாதியும் மீண்டது. டிக்கே தம் ஆராய்ச்சியை 1950-ல் வெளியிட்டார். அவரும் அவருடன் உழைத்தவர்களும் அடுத்த சில வருஷங்களில், தீங்கு செய்வது கோதுமையிலுள்ள மாவுச்சத்து அன்று, குளூட்டனே என்று நிரூபித்தனர்.

எவ்வளவு சொற்பமானால் தீங்கு?

ஒரு கிலோகிராம் உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருந்தால்தான் அதைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கலாம் என்பது சர்வதேச உணவுத் தரக் குழுவின் விதி. இந்தியாவிலும் இதே அளவு சட்டமாக உள்ளது. சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு மொத்தம் 10 மில்லிகிராம் வரையில் தாங்குவர் என்றும், தினந்தோறும் 50 மில்லிகிராம் சென்றால் குடல் கெடும் என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இக்கணக்கைச் சமையலறையில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு கிராம் மைதா என்பது இரண்டு விரலால் எடுக்கும் அளவே. அதில் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. அதாவது, விரலிடுக்கில் அடங்கும் மாவு ஒரு நோயாளியின் எட்டு நாள் வரம்பை ஒரே வேளையில் தீர்த்துவிடும். "சிறிது பட்டால் என்ன?" என்று கேட்பவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். வேகவைப்பதாலோ, வறுப்பதாலோ, எண்ணெயில் பொரிப்பதாலோ குளூட்டனின் தீங்கு அழிவதில்லை.

அமெரிக்காவில் உணவுவிடுதிகளுக்குச் செல்வோர் கையடக்கமான கருவிகொண்டு செய்த 5,624 சோதனைகளின் முடிவுகள் 2019-ஆம் வருஷத்தில் வெளியாயின. குளூட்டன் இல்லையென்று சொல்லி விற்கப்பட்ட உணவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அது கண்டறியப்பட்டது. பீட்ஸா போன்றவற்றில் இது பாதிக்கு மேலாக இருந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லாதவிடத்தும் இது நேரக்கூடியதே. ஒரே அடுப்பும் ஒரே பலகையும் ஒரே கையும் இரண்டு வேலைகளையும் செய்தால் போதும்.

சமையலறையில் கலப்பு நேரும் வழிகள்

முதலாவது, மறைந்துநிற்கும் கோதுமை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் தனிப் பெருங்காயம் அன்று. அதில் பிசினும் ஏதேனுமொரு தானிய மாவும் கலந்திருக்கும். அம்மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவே. சாம்பார், ரசம், வடை, ஊறுகாய், மோர் ஆகிய எதிலும் இது சேராமலிருப்பது அரிது. அவ்வாறே ரவாதோசை மொறுமொறுப்புக்கும், பஜ்ஜி மாவின் பிடிப்புக்கும், குழம்பு கெட்டியாவதற்கும் சிலர் மைதா சேர்ப்பதுண்டு. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. 'மால்ட்' என்று பெயர் கொண்ட பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. முளைகட்டிய கேழ்வரகு மட்டும் கொண்டு செய்த மால்ட் இதற்கு விலக்கு.

இரண்டாவது, பாத்திரத்தினால் வரும் கலப்பு. கோதுமை தோசையும் பரோட்டாவும் இட்ட கல்லிலேயே அரிசித் தோசையும் வார்க்கப்படுகிறது. ரவா இட்லி வெந்த துணியில் சாதா இட்லியும் ஊற்றப்படுகிறது. மைதா சலித்த சல்லடை, சப்பாத்தி இட்ட மரப்பலகை, குழவி ஆகியவற்றை எவ்வளவு தேய்த்தாலும் கண்ணிகளிலும் வெடிப்புகளிலும் மாவு தங்கியே தீரும்.

மூன்றாவது, எண்ணெய். பூரி, சமோசா, பஜ்ஜி யாவும் பொரியும் வாணலியில் வடையோ அப்பளமோ பொரித்தால், எண்ணெயில் உதிர்ந்த துகள்கள் அதிலும் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, காற்று. மூட்டையிலிருந்து மைதாவைக் கொட்டிப் பிசையும்போது எழும் மாவுத்தூசி, மூடாமல் வைத்த பாத்திரங்களிலும் மேஜைகளிலும் படிகிறது.

ஐந்தாவது, பரிமாறும் கை. பரோட்டாவைத் தொட்ட கையினால் இட்லியை எடுப்பதும், குருமாவில் இட்ட கரண்டியைச் சட்னியில் இடுவதும் அன்றாடம் நடப்பவை.

சிற்றுண்டிச்சாலைக்காரர் செய்யவேண்டியவை

இவ்வளவும் படித்தபின் இது நடவாத காரியம் என்று கைவிடவேண்டியதில்லை. எல்லாப் பண்டங்களையும் குளூட்டன் இன்றிச் செய்ய வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. நாலைந்து பண்டங்களைத் தேர்ந்துகொண்டு அவற்றை மட்டும் குற்றமறச் செய்தால் போதும். இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு, வெண்பொங்கல், சாதம், கேழ்வரகுக் கூழ் முதலியவற்றை உடைய தென்னாட்டுச் சமையலுக்கு இது எளிது. இதற்கு வேண்டிய முதல் ஒரு தனித் தோசைக்கல், ஒரு வாணலி, இரண்டு இட்லித் தட்டுகள், சில கரண்டிகள், ஒரு அலமாரி ஆகியவையே. அனுசரிக்க வேண்டிய முறைகள் பின்வருமாறு:

1. சரக்கு வாங்கும்போதே பொட்டணத்தின்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தெரிவிக்கவேண்டுமென்பது 2020-ஆம் வருஷத்து லேபிள் விதிகளின் கட்டளை. பெருங்காயத்தைப் பொறுத்தவரை, அரிசி மாவு சேர்த்ததையோ, மாவு சேராததையோ தேடி வாங்கி, எல்லாச் சமையலுக்கும் அதையே உபயோகித்தால் பாதிச் சங்கடம் தீரும்.

2. கோதுமைச் சரக்கைக் கீழ்த்தட்டிலும், மற்றவற்றை மூடிய பாத்திரங்களில் மேல்தட்டிலும் வைக்கவேண்டும். மாவு கீழ்நோக்கியே சிந்துமாதலால் இம்முறை நன்று.

3. தனிப் பாத்திரங்களுக்கு வர்ண அடையாளம் இட்டு, அவற்றை வேறெதற்கும் எடுக்கலாகாது. மரச் சாமான்களை இவ்வேலைக்கு வைத்துக்கொள்ளவே கூடாது.

4. காலையில் பரோட்டா மாவு பிசையும் முன்பே இப்பண்டங்களைச் செய்து மூடிவைக்கவேண்டும். தனி அறை உள்ளவர்கள் அதை இதற்கு ஒதுக்குவது உத்தமம்.

5. பொரிக்கும் எண்ணெய் தனியாக இருக்கவேண்டும். ஒரு முறை பூரி பொரித்த எண்ணெயை வடிகட்டினாலும் அது இதற்கு உதவாது.

6. கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். கிருமிநாசினித் திரவத்தைத் தடவிக்கொள்வது கிருமிகளுக்கு ஆகுமே ஒழிய, மாவை நீக்காது.

7. இவ்வகை உணவைக் கேட்டவரிடம் ஒருவரே ஆர்டர் எடுத்து, சரக்கு மாஸ்டரிடம் நேரில் சொல்லி, தாமே கொண்டுவந்து வைக்கவேண்டும். பலர் கைமாறினால் செய்தி தவறிப்போகும். புதிதாகக் கழுவிய வாழையிலை இதற்கு மிகவும் பொருத்தமானது.

8. எந்தப் பண்டத்தில் எச்சரக்குகள் சேருகின்றன என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாவில் வைத்திருக்கவேண்டும். புதிய வேலையாள் வந்தாலும் ஊகித்துச் சொல்ல வேண்டியிராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது உண்மை பேசுதல். தனிப் பாத்திரமும் தனி எண்ணெயும் இல்லாத கடையில், "கோதுமை சேர்ப்பதில்லை, ஆனால் இதே சமையலறையில் மைதா வேலையும் நடக்கிறது" என்று சொல்லிவிடுவதே முறை. கேட்டவர் அன்று எழுந்து போய்விடலாம். ஆயினும் அச்சொல்லால் அவருக்குக் கெடுதல் நேரவில்லை. இக்காலத்தில் வியாதி இன்றியே கோதுமையை விலக்குவோரும் உளர். அதனால் கேட்பவர் யாவரும் அப்படிப்பட்டவரே என்று எண்ணிப் பரிமாறுவோர் அலட்சியம் செய்வதுண்டு. யார் நோயாளி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதாகையால், எல்லோருக்கும் ஒரே கவனத்துடன் பதில் சொல்வதே தகும்.

இத்தாலி தேசத்தின் உதாரணம்

கோதுமையே பிரதான உணவாகிய இத்தாலி தேசத்தில் இவ்விஷயம் எவ்வாறு கவனிக்கப்பட்டது என்பது அறியத்தக்கது. அந்நாட்டில் 2005-ஆம் வருஷத்து 123-ஆம் எண் சட்டத்தினால், சீலியாக் வியாதி சமூகக் கவனிப்புக்குரிய நோயாக அங்கீகரிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள் முதலிய பொது ஸ்தாபனங்களின் போஜனசாலைகளில் கேட்பவர்க்குக் குளூட்டன் இல்லாத உணவு கொடுக்கவேண்டும் என்றும், உணவுவிடுதி நடத்துவோருக்கு இதில் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. அந்நாட்டுச் சீலியாக் சங்கத்தார் விடுதிக்காரர்களுக்குப் போதித்து, தகுதி பெற்ற விடுதிகளை ஜாபிதாவில் சேர்த்து வெளியிடுகிறார்கள். அவ்வாறு சேர்ந்த கடைகளும் விடுதிகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன. ரொட்டியும் பீட்ஸாவும் இல்லாமல் வேளை கழியாத தேசத்தில் இது நடைபெறுமானால், அரிசியே பிரதானமான தமிழ்நாட்டில் நடைபெறாமலிருக்க நியாயமில்லை.

பயிரிடுவோர் பங்கு

அமெரிக்காவில் இயற்கையாகவே குளூட்டன் இல்லாத 22 வகைத் தானியங்களையும் மாவுகளையும் கடைகளில் வாங்கிப் பரிசோதித்து 2010-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். அவற்றில் 7 வகைகளில் குளூட்டன் சட்ட அளவை மிஞ்சியிருந்தது. சிற்றுண்டிச்சாலைக்கு வருமுன்பே சரக்கு கெட்டிருந்தால், சமையற்காரர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

இதில் தமிழ்நாட்டு விவசாயிக்கு இயற்கையாகவே ஒரு நன்மை உண்டு. கோதுமை மிகுதியாகப் பயிராகும் பிரதேசங்களில், ஒரே நிலத்தில் மாறிமாறி விதைப்பதாலும், ஒரே அறுவடை இயந்திரம் இரண்டையும் அறுப்பதாலும் வயலிலேயே கலப்பு நேரிடுகிறது. தமிழ்நாட்டில் கோதுமைச் சாகுபடி மிகச் சொற்பம். ஆகவே வரகும் சாமையும் கேழ்வரகும் களத்தைவிட்டுப் புறப்படும்போது பெரும்பாலும் தூயவையாகவே இருக்கின்றன. அவை கெடுவது அதன்பின்னரே.

கோதுமையோ மைதாவோ வந்த பழஞ்சாக்கில் சிறுதானியத்தை நிரப்புவது முதல் தவறு. புதுச் சாக்கு, அல்லது தானியத்துக்கென்றே வைத்துக்கொண்ட சாக்கு வேண்டும். மளிகைக் கிடங்கில் கோதுமை மூட்டைகளோடு அடுக்குவது இரண்டாவது தவறு. மூன்றாவதும் பெரியதுமான தவறு மாவுமில்லில் நேருகிறது. முன்னவர் அரைத்த மாவு இயந்திரத்தின் உள்ளே தங்கிப் பின்னவர் மாவோடு இறங்குவது எல்லோரும் கண்டது. கோதுமை அரைத்தபின் கேழ்வரகு அரைத்தால், முதற்படி மாவைத் தள்ளிவிட்டாலும் மீதி தூயதென்று உறுதி சொல்ல முடியாது. சிறுதானியத்துக்கென்று தனி இயந்திரம் வைப்பதே நிச்சயமான வழி. தனியொருவருக்கு இது பாரமாயினும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் கூடிச் செய்தால் எளிதாகும். அவ்வாறு அரைத்த மாவையும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, அளவு தெரிந்த பின்னரே 'குளூட்டன் இல்லாதது' என்று பொட்டணத்தில் அச்சிடலாம். கேழ்வரகு என்ற ஒரே காரணத்தால் அச்சிடுவது சட்டத்துக்கும் பொருந்தாது, நோயாளிக்கும் நன்றன்று.

2023-ஆம் வருஷத்தை இந்தியாவின் பிரேரணையின்மேல் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. அதனால் சிறுதானியங்களின் பெயர் எங்கும் பரவிற்று. பெயர் பரவியதோடு நில்லாமல், வாங்குவோர் நம்பி வாங்கும் தூய சரக்கு என்ற மதிப்பும் உண்டானால்தான் பயிரிடுவோருக்கு நிலையான ஆதாயம் கிட்டும்.

கிராமத்தில் கவனிக்க வேண்டியவை

கிராம அதிகாரிகளும் பெரிய நிலக்காரர்களும் திருவிழா அன்னதானம், கலியாணப் பந்தி முதலியவற்றை நடத்தும்போது, இத்தகைய விருந்தினர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால், பந்தி தொடங்குமுன் தனிக் கரண்டியால் எடுத்து மூடிவைத்த சாதமும் பொரியலும் மோரும் கொண்டு அவருக்குத் தனி இலை போடச் செய்யலாம். அவற்றில் சேர்ந்த பெருங்காயத்தையும் விசாரித்துக்கொள்ளவேண்டும். குழந்தை ஒன்று நன்றாக உண்டும் வளராமலும், சோகை தீராமலும், அடிக்கடி வயிற்றுப்போக்கால் வருந்தியும் வருமானால் வைத்தியரிடம் அனுப்பச் சொல்லவேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது; நிறுத்தினால் வியாதி பரிசோதனையில் தெரியாமற் போகும்.

சிற்றுண்டிச்சாலையில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு, பரிமாறுபவர் உள்ளே சென்று விசாரித்து வந்து, "பெருங்காயம் அரிசி மாவு சேர்த்தது, இட்லித் தட்டு தனி, வடை மட்டும் வேண்டாம், எண்ணெய் பொது" என்று சொல்ல முடியுமானால், அக்குழந்தை அன்று மற்றவர்களோடு உட்கார்ந்து அச்சமின்றி உண்ணும். அவ்விடையைச் சொல்லக்கூடிய கடைகள் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றாவது ஏற்படவேண்டும். அக்கடைகளுக்குத் தூய தானியம் கொடுக்கும் களங்களும் ஏற்படவேண்டும்.